வரிசையில் நிற்கும் கணக்கு
(இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு பாடம்)



கணிதப் பட்டப்படிப்பின் கடைசிப் பருவத்தில் புராஜெக்ட் என்றதும் நம் பிள்ளைகளில் சிலர் முதலில் போகும் இடம் ஜெராக்ஸ் கடை. சீனியர் ஒருவரின் பழைய புராஜெக்டை வாங்கி, அட்டையை மாற்றி, பைண்டு செய்து கொடுத்துவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில், "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். அந்த நிலை வேண்டாம். நல்ல புராஜெக்டுக்கான பொருள் நம் ஊரிலேயே இருக்கிறது.

திருமலைக்கு நாள்தோறும் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். இவ்வளவு பெரிய வரிசை உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. வரிசைக்கும் ஒரு கணிதம் உண்டு. டென்மார்க்கின் ஏர்லாங், தொலைபேசி இணைப்பகத்தில் வரும் அழைப்புகளை ஆராய்ந்து 1909-ல் இதற்கு அடித்தளமிட்டார். 1961-ல் ஜான் லிட்டில் ஓர் எளிய விதியை நிறுவினார். வரிசையில் சராசரியாக இருப்போர் எண்ணிக்கை என்பது, ஒரு மணிக்கு வருவோர் எண்ணிக்கையை ஒருவர் அங்கே செலவிடும் சராசரி நேரத்தால் பெருக்கிக் கிடைப்பது. அவ்வளவுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு

முழுத் திருமலையையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உங்களை விழுங்கிவிடும். சித்தூர் பேருந்து நிலையத்திலோ திருப்பதி ரயில் நிலையத்திலோ ஒரே ஒரு கவுண்டர் போதும். அங்குள்ள பொறுப்பாளரிடம் முன்அனுமதி பெறுங்கள். யார் பெயரையும் குறிக்க வேண்டாம்; வந்த நேரம், போன நேரம் மட்டும் போதும்.

ஒருவருக்குச் சீட்டுக் கொடுக்கச் சராசரி 36 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மணிக்கு 100 பேரை அனுப்பலாம். வருவோர் 90 பேர். ஆட்கள் தற்செயலாக வந்து, சேவை நேரமும் அடுக்குக்குறிப் பரவலில் அமைந்தால், 100-லிருந்து 90-ஐக் கழித்து வரும் 10-ஐத் தலைகீழாக்குங்கள். மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம். வரிசையில் சராசரி 9 பேர்.

இப்போது 90 என்பது 95 ஆகட்டும். ஐந்தே பேர்தான் கூடினார்கள். காத்திருப்போ 12 நிமிடம், வரிசையில் 19 பேர்! மீண்டும் 90 பேரையே வைத்து, ஒரே வரிசைக்கு இரண்டு கவுண்டர் திறந்தால் காத்திருப்பு ஏறக்குறைய 45 வினாடியாகச் சுருங்கும். (இவையெல்லாம் சேவை நேரமும் சேர்ந்த, நீண்ட நேரச் சராசரிகள்.) இதைக் கண்டுபிடிக்கும் மாணவனுக்குக் கணிதம் பிடிக்காமல் போகுமா?

செய்ய வேண்டியவை

1. கேள்வி ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். "இன்னொரு கவுண்டர் திறந்தால் காத்திருப்பு எவ்வளவு குறையும்?" என்பது நல்ல கேள்வி. "வரிசைக் கோட்பாடு ஓர் ஆய்வு" என்பது கேள்வியே அல்ல.

2. வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். கையால் எழுதிய நோட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி.

3. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் உள்ள தலைகளை எண்ணுங்கள். அந்தச் சராசரி லிட்டில் விதி தரும் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் அளவெடுப்பில் பிழை இருக்கலாம்.

4. எடுகோளைச் சோதியுங்கள். ஒரு பேருந்து வந்து நின்றால் 50 பேர் ஒன்றாக இறங்குவார்கள். அது தற்செயல் வருகை அல்ல. சூத்திரம் எங்கே பொருந்தவில்லை என்று எழுதுவதில் வெட்கமில்லை. புராஜெக்டின் சிறந்த பக்கம் அதுவாகவே இருக்கும்.

5. முடித்ததும் வீட்டில் பாட்டிக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கல்லூரியில் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ எழுதினாலும், பாட்டிக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கிறது என்று பொருள்.

ஏன் இந்தக் கணக்கு?

2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் கூடிய நெரிசலில் 6 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் அவர்களில் உண்டு. ஒரு மாணவரின் புராஜெக்ட் இதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கதவு எப்போது திறக்க வேண்டும், எத்தனை கவுண்டர் வேண்டும், யாரை எந்த நேரத்துக்கு வரச் சொல்ல வேண்டும் என்பவை கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டியவை. நாளை அந்த முடிவை எடுக்கும் நாற்காலியில் நம் பிள்ளை ஒருவர் அமரலாம். அன்று அவர் கையில் இருக்க வேண்டியது வாங்கிய புராஜெக்ட் அல்ல, தானே போட்டுப் பார்த்த கணக்கு.

பெற்றோர்களே, மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கும் முன், "என்ன எண்ணினாய், காட்டு பார்ப்போம்" என்று ஒருமுறை கேளுங்கள். மாணவர்களே, ஒரு நோட்டும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு இந்த ஞாயிறே புறப்படுங்கள். வெற்றி உங்களுக்கே!