வீட்டுச் சமையலும் ஊர் விளைச்சலும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், ஏரி மராமத்து ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும், ஊரிலுள்ள வீடுகளில் நாள்தோறும் அடுப்பில் ஏறும் பானையில் என்ன வேகிறது என்ற கேள்வியை நாம் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுப்புவதில்லை. அது பெண்டிர் காரியம் என்று ஒதுக்கிவிடுகிறோம். வீட்டில் ஆக்கும் சோறு வீட்டாரின் உடல்நலத்தை மட்டுமன்றி, வயலின் வருவாயையும் தீர்மானிக்கிறது. அது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

ஊரின் இன்றைய நிலை

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், மறைமலைநகருக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே சிங்கப்பெருமாள் கோவில் அமைந்துள்ளது. குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த நரசிம்மர் கோவிலே இவ்வூருக்குப் பெயர் தந்தது. ஏரிப்பாசனத்தை நம்பிச் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பருவந்தோறும் நெல் விளைவித்த நாடு இது. இன்றும் சுற்றுப்புறச் சிற்றூர்களில் நெல்லும் காய்கறியும் விளைகின்றன. ஆயினும் மறைமலைநகர், ஒரகடம் முதலிய இடங்களில் தொழிற்சாலைகள் பெருகியபின், உழவர் வீட்டுப் பிள்ளைகளும் மருமக்களும் பொழுது புலருமுன் கம்பெனிப் பேருந்தையோ மின்சார இரயிலையோ பிடிக்க ஓடுகின்றனர். இரவு முறைவேலை முடிந்து வருவோர் காலையில் உறங்குகின்றனர். இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் அடுப்புக்குக் கிடைக்கும் நேரம் அரைமணிதான்.

அந்த இடைவெளியில்தான் பொட்டலம் நுழைகிறது. இரண்டு நிமிடத்தில் வேகும் நூடுல்ஸ், காய்ச்சிய பாலில் கரைக்கும் இனிப்பு மாவு, பள்ளிப் பையில் வைக்கும் பிஸ்கத்து, மாலையில் சிப்ஸ் ஆகியவை குடும்பத்தின் உணவாகிவிடுகின்றன. இதனைச் சோம்பல் என்று பழிப்பது நியாயமன்று. நேரமில்லாத குறையே இதற்குக் காரணம். ஆகவே, நேரத்தைச் சேமித்துத் தரும் வழியைக் காட்டாமல், ‘வீட்டில் சமையுங்கள்’ என்று அறிவுரை மட்டும் கூறுவது பயன் தராது.

எண்கள் கூறும் எச்சரிக்கை

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்று மதிப்பிட்டது. ஒருபுறம் சத்துக் குறைவு, மறுபுறம் சர்க்கரை மிகுதி. ஒரே கூரையின்கீழ் தாய்க்கு ஒன்றும் தந்தைக்கு மற்றொன்றும் இருக்கக் காண்கிறோம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், நாம் பெறும் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கின்றன. எஞ்சியது பருப்பு, காய், கீரை, பால், முட்டை, மீன், கொட்டை வகைகளிலிருந்து வரவேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படக்கூடாது. மிகவும் பதப்படுத்திய பொட்டல உணவுகளைக் குறைக்கவேண்டும் என்பதும் அந்நெறிமுறைகளில் ஒன்று.

இந்நிறுவனத்தின் தொடக்கம் நம் தமிழ்நாட்டில்தான். 1918இல் நீலகிரிக் குன்னூரில் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே பின்னர் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. பெரிபெரி, பி1 என்னும் உயிர்ச்சத்தின் குறைவால் வருவது. அச்சத்து அரிசியின் தவிட்டில் உள்ளது. நெல்லை மிகத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, அச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது. அதனால்தான், பழைய சென்னை மாகாணத்தில் புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களைவிட, தீட்டிய பச்சரிசி உண்ட வடகடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி மிகுதியாகக் காணப்பட்டது. நெல் அவித்த நம் பாட்டிமார் விஞ்ஞானம் கற்றவரல்லர். எனினும் அவர்கள் கையாண்ட முறை விஞ்ஞானத்துக்கு ஒத்ததாயிற்று.

எது மெய்யான உணவு?

வயலிலும் தோட்டத்திலும் விளைந்த வடிவத்தை அடையாளம் காணத்தக்கதாக நம் கைக்கு வருவது மெய்யான உணவு. அரிசி, கேழ்வரகு, துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்கீரை, மோர், நல்லெண்ணெய் ஆகியவை இவ்வகையின. உலர்த்துதல், அரைத்தல், புளிக்கவைத்தல், செக்கிலாட்டுதல் போன்ற மாற்றங்களால் உணவு கெடுவதில்லை. ஆலையில் பொருளைக் கூறுகூறாகப் பிரித்து, மாவுச்சத்து, எண்ணெய், உப்பு, சர்க்கரை, நிறம், மணம் ஆகியவற்றைச் சேர்த்து மறுபடி உருவாக்கும் பண்டத்திடமே எச்சரிக்கை வேண்டும்.

இதனைக் கண்டறியக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை. பொட்டலத்தின் பின்புறத்தில் சேர்பொருள்கள் அச்சிடப்பட்டிருக்கும். எது எடையில் அதிகமோ அதுவே முதலில் இடம்பெறவேண்டும் என்பது விதி. ‘கேழ்வரகு பிஸ்கத்து’ என்று முன்புறத்தில் இருக்க, பின்புறத்தில் மைதாவும் சர்க்கரையும் முதலிரண்டு இடங்களைப் பிடித்திருந்தால், அது மைதா பிஸ்கத்தே என்று கொள்க. சோடியம் என்னும் அளவையும் பார்க்கவும். சோடியம் 2,000 மில்லிகிராம் என்பது 5 கிராம் உப்புக்குச் சமம். ஒரு பொட்டலத்தில் 1,000 மில்லிகிராம் இருந்தால், ஒரு நாளைய உப்பில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

அரைமணியில் ஆகும் உணவு

குடும்பத்தார் கூடியமர்ந்து, வயிறும் மனமும் நிறைய உண்ணும் எளிய உணவுகள் நம்மிடம் பல உண்டு. அவற்றுள் மூன்றினை இங்கே கூறுவோம்.

முதலாவது, பருப்புக் கீரைச் சோறு. ஐவர் உள்ள குடும்பத்துக்குப் புழுங்கலரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு 1 டம்ளர் எடுத்துக் கழுவி, 20 நிமிடம் ஊறவைக்கவும். குக்கரில் சிறிது நல்லெண்ணெய் விட்டுச் சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி, மஞ்சள்தூள் ஆகியவற்றை வதக்கி, 9 டம்ளர் தண்ணீர் ஊற்றி, அரிசியும் பருப்பும் உப்பும் இட்டு 4 விசில் வரும்வரை வேகவிடுக. குக்கரைத் திறந்தபின் ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி சேர்த்து, 5 நிமிடம் கொதிக்கவைத்து இறக்கவும். உண்ணும்போது எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளவேண்டும். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சையின் சி உயிர்ச்சத்து துணைபுரியும். சாப்பிட்டவுடன் தேநீர் அருந்துவது அதற்குத் தடையாகும். ஆகையால் ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துக.

இரண்டாவது, வெண்பொங்கல். பச்சரிசி இரண்டு பங்கு, வறுத்த பாசிப்பருப்பு ஒரு பங்கு. மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, சிறிது நெய் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் வேண்டியதில்லை. பெருமாள் கோவில் மடைப்பள்ளிகளில் ஆகும் பொங்கலின் சுவைக்கு இச்சில பொருள்களே காரணம். பருப்பின் அளவைக் கூட்டி, பூசணிக்காயோ கத்தரிக்காயோ இட்ட சாம்பாரைச் சேர்த்துண்டால் அது முழு உணவாகிவிடும்.

மூன்றாவது, நம் செங்கற்பட்டுச் சீமையில் வழங்கும் கேழ்வரகுக் கூழ். ஆடி மாதத்தில் அம்மன் கோவிலில் வார்ப்பதோடு இதனை நிறுத்திவிடலாகாது. 2 டம்ளர் கேழ்வரகு மாவை முதல்நாள் மாலை தண்ணீரில் கரைத்துப் புளிக்கவைக்கவும். மறுநாள் மாலை 1 டம்ளர் அரிசி நொய்யை 6 டம்ளர் தண்ணீரில் வேகவைத்து, கரைத்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறிக் களியாக்கி மூடிவைக்கவும். மூன்றாம்நாள் காலை மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்தால் காலை உணவு தயார். புலருமுன் புறப்படும் தொழிலாளிக்கு இதனைவிட விரைவான உணவு ஏது? 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே உள்ளது. நீரிழிவு உடையோர் மட்டும் கூழின் அளவை மருத்துவரிடம் கேட்டு அருந்துவது நலம்.

இவற்றுக்குத் துணையாக, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தை வாரச் சமையலுக்கென்று ஒதுக்கலாம். பருப்புப்பொடி இடித்தல், புளிக்காய்ச்சல் காய்ச்சுதல், இட்லி மாவு அரைத்தல், பயறு முளைகட்டுதல் ஆகியவற்றை அன்றே முடித்துவிட்டால், வேலைநாட்களில் அடுப்படி வேலை பாதியாகக் குறையும். இவ்வேலையில் ஆடவரும் பங்கு கொள்ளவேண்டும். கீரை ஆயவும் வெங்காயம் உரிக்கவும் ஆணுக்கும் கை உண்டு. எட்டு மணி நேரம் ஆலையில் நின்றுவந்த பெண்ணின் தலையிலேயே முழுச் சுமையையும் ஏற்றினால், மறுநாள் மீண்டும் பொட்டலமே அடுப்பேறும்.

உழவருக்கு இதனால் என்ன இலாபம்?

அறுவடை நெல்லை முழுவதும் களத்திலேயே விற்றுவிட்டு, பிறகு கடையில் தீட்டிய அரிசி வாங்கும் வழக்கம் பெருகிவருகிறது. ஆண்டுச் சாப்பாட்டுக்கு வேண்டிய நெல்லை வீட்டில் நிறுத்தி, அவித்து, அளவாகத் தீட்டி உண்பதே சிக்கனம். வரப்பில் உளுந்தும் காராமணியும் ஊன்றலாம். கழுவுநீர் பாயும் கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை இருந்தால் ஆண்டு முழுதும் செலவு மிச்சம். காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, ஆலோசனை பெறலாம்.

இதற்கும் மேலான இலாபம் ஒன்றுண்டு. தொழிற்சாலைகளால் வந்து குடியேறிய குடும்பங்கள் நம் ஊர்களிலேயே வாழ்கின்றன. அவர்கள் கீரையும் காயும் பருப்பும் வாங்கிச் சமைத்தால், அந்தக் காசு நம் உழவரின் கைக்கு வரும். பொட்டலம் வாங்கினாலோ தொலைவிலுள்ள ஆலைக்குப் போய்விடும். ஊர் அடுப்பே உழவருக்கு மிக அருகிலுள்ள சந்தை. அது அணைந்தால், விளைந்த கீரையை லாரியேற்றி நகரத்துக்கு அனுப்பி, தரகும் கூலியும் போக மிஞ்சியதைப் பெறவேண்டியதுதான்.

பிரேசில் நாடு இதனை உணர்ந்து, 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. பள்ளி உணவுக்கென மத்திய அரசு வழங்கும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கொண்டு, குடும்ப உழவர்களிடமிருந்தே பொருள்கள் வாங்கவேண்டும் என்று அச்சட்டம் அப்போது விதித்தது. நம் மாநிலத்திலும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் விரிவாக்கப்பட்ட பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார் போன்ற எளிய உணவுகளே இடம்பெற்றன. சமைக்கும் பொறுப்பும் மகளிர் சுய உதவிக் குழுவினரிடமே ஒப்படைக்கப்பட்டது. எளிய உணவே சிறந்த உணவு என்பதற்கு இதுவும் சான்று.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்து வருவோர் வாங்கும் வகையில், இரயிலடிக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ அருகில் மாலைச் சந்தை கூட்டுதல். விளைவித்தவரே விற்க இடமும் விளக்கும் தந்தால் போதும்.

2. அங்கன்வாடி, பள்ளி வளாகங்களில் முருங்கையும் கீரைப்பாத்தியும் அமைத்து, பராமரிப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்குதல்.

3. ஆய்ந்த கீரை, அரைத்த மாவு, இடித்த பொடி, முளைகட்டிய பயறு ஆகியவற்றை மகளிர் குழுக்கள் தயாரித்து விற்க ஊக்குவித்தல். நேரமில்லாதோருக்கு நேரமும், குழுவினருக்கு வருவாயும் இதனால் கிட்டும்.

4. மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாட்களில், கூட்டத்துக்கு வருவோர்க்குப் பிஸ்கத்தும் சர்க்கரைத் தேநீரும் தருவதை விடுத்துச் சுண்டலும் நீர்மோரும் வழங்குதல். சொல்வதைச் செய்துகாட்டும் மன்றத்தின் சொல்லே ஊரில் செல்லும்.

இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. சாலை அமைக்க நிதி வரும்வரை காத்திருக்கவேண்டும். முருங்கைக் கொம்பு நடுவதற்கு நாளும் நிதியும் பார்க்கவேண்டியதில்லை. அடுத்த கூட்டத்துக்குள் தம் ஊரில் எத்தனை வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது என்று ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டில் கணக்கெடுத்து வருவாராக. பணி அங்கிருந்து தொடங்கட்டும்.