உடன்நிற்கும் மருத்துவம்

நுழையும்முன்

காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்தால் காண்போர் இரக்கம் கொள்வர். கட்டுப் போட இயலாத வலியோ பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் நீளும் வலியும் அதனோடு பின்னிவரும் மனச்சோர்வும் ஒருவரை மெல்ல மெல்லத் தனிமைக்குள் தள்ளுகின்றன. அத்தனிமையையும் நோயின் ஒரு கூறாகக் கருதி, நோயுற்றோரை ஒன்றுகூட்டிப் பேணும் மருத்துவமுறை உலகெங்கும் வளர்ந்து வருகிறது. அதன் இயல்பையும் வரலாற்றையும், அது வேர்கொள்வதற்குப் புதுச்சேரி மண்ணில் அமைந்துள்ள களத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

நோவு: ஒரு சொல், இரு பொருள்

‘கால் நோகிறது’ என்பர். ‘மனம் நோகப் பேசாதே’ என்றும் கூறுவர். உடலின் துன்பத்துக்கும் உள்ளத்தின் துன்பத்துக்கும் தமிழர் ஒரே சொல்லைக் கையாளுகின்றனர். சங்க இலக்கியத்திலும் ‘நோய்’ என்பது உடற்பிணியை மட்டும் குறிப்பதன்று. பிரிவினால் விளையும் ஆற்றாமையையும் குறிக்கும். தலைவி தோழியிடம் எடுத்துரைக்கும் நோய் பெரும்பாலும் மூலிகையால் தீராத நோயே.

மொழி பிரிக்காத இவ்விரண்டையும் மருத்துவம் நெடுங்காலம் பிரித்தே பார்த்தது. எலும்புக்கு ஒரு மருத்துவர், நரம்புக்கு ஒரு மருத்துவர், மனத்துக்கு வேறொரு மருத்துவர் எனத் துறைகள் கிளைத்தன. அதனால் அறிவு ஆழமானது. எனினும், முதுகுவலியோடும் உறக்கமின்மையோடும் அழுகையோடும் வரும் ஒருவர் எந்த வாயிலில் நிற்பது என்னும் வினாவும் எழுந்தது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல், நோயை உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றும் இணைந்த நிலையில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார்.

வலி செல்லும் வழி

வலி ஒரு காவலன். நெருப்பில் பட்ட விரலை நொடியில் பின்னிழுக்கச் செய்வது அதுவே. காயம் ஆறியதும் காவலன் ஓய்வுகொள்ள வேண்டும். ஆனால், சிலருக்குக் காயம் ஆறிய பின்னும் எச்சரிக்கை மணி ஓய்வதில்லை. வேறு சிலருக்கு மூட்டுத் தேய்மானம் போன்ற காரணங்களால் அது அடிக்கடி ஒலித்துக்கொண்டே இருக்கும். இவ்வாறு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கின்ற அல்லது மீண்டும் மீண்டும் வருகின்ற வலியை ‘நாட்பட்ட வலி’ என்பர்.

1965ஆம் ஆண்டில் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய அறிவியலாளர் இருவர் வலியைப் பற்றிய புதிய கோட்பாடு ஒன்றை வெளியிட்டனர். தண்டுவடத்தில் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டு. உடலின் பகுதிகளிலிருந்து வரும் வலிக்குறிப்புகள் அதன்வழியே மூளைக்குச் செல்கின்றன. மூளையிலிருந்து இறங்கிவரும் குறிப்புகள் அவ்வாயிலை அகலத் திறக்கவும் செய்யும், ஒடுக்கவும் செய்யும் என்பதே அக்கோட்பாட்டின் சாரம். பிற்கால ஆய்வுகள் இதன் நுட்பங்களைத் திருத்தின. எனினும், அச்சமும் கவலையும் வலியை மிகுவிக்கும், அமைதியும் நம்பிக்கையும் அதைத் தணிக்கும் என்னும் அன்றாட அனுபவத்துக்கு அறிவியல் விளக்கம் அமைய அது வழிவகுத்தது.

வலியைப் பற்றிய பன்னாட்டு ஆய்வுச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியமைத்தது. வலி என்பது புலனுணர்வு மட்டுமன்று, மனவுணர்வும் ஆகும் என்பதை அது உறுதிசெய்தது. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று கூறினால் அக்கூற்றை மதிக்க வேண்டும் என்றும் அது குறிப்பிட்டது. நிழற்படத்தில் எதுவும் தெரியவில்லை என்பதால் வலி இல்லை என்றாகிவிடாது.

தெரியுமா?

‘வலி’ என்னும் சொல் பழந்தமிழில் ஆற்றலையும் குறித்தது. ‘வலிமை’, ‘வலியோர்’ ஆகிய சொற்களில் அப்பொருள் இன்றும் வழங்குகிறது.

வலியும் சோர்வும்

2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 28 கோடிப் பேர் மனச்சோர்வால் துன்புற்றதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. மனச்சோர்வு என்பது ஒருநாள் வருத்தமன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதியும் உள்ளம் கவிந்திருத்தல், விரும்பிய செயல்களில் நாட்டம் இழத்தல், உறக்கமும் பசியும் மாறுதல், தன்னைப் பயனற்றவராக எண்ணுதல் முதலியன அதன் அறிகுறிகள்.

நாட்பட்ட வலியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை. தையல் இயந்திரத்தின் முன் பல ஆண்டுகள் குனிந்து உழைத்த பெண் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இடுப்புவலியால் அவருக்கு இரவில் உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டதால் மறுநாள் வலி மிகுகிறது. வேலை குறைகிறது; வருவாயும் குறைகிறது. கோயில் திருவிழாவுக்கும் உறவினர் திருமணத்துக்கும் செல்வதைத் தவிர்க்கிறார். ‘எப்போது பார்த்தாலும் வலி என்கிறாயே’ என்னும் வீட்டாரின் சொல் அவரை வாய்மூடச் செய்கிறது. பேச்சு நின்றபின் சோர்வு ஆழமாகிறது. சோர்ந்த உள்ளம் சிறு வலியையும் பெரிதாக உணர்கிறது. இவ்வட்டத்தைத் தனியொருவராக நின்று உடைப்பது அரிது.

குழுமுறையின் தோற்றம்

நோயாளிகளை ஒன்றுகூட்டிப் பேணும் முறைக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், நலவாழ்வு இல்லங்களில் தங்கிச் சிகிச்சை பெற வசதியற்ற காசநோயாளிகளுக்காக வார வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். ஓய்வு, உணவு, தூய காற்று ஆகியவற்றை வீட்டிலேயே கடைப்பிடிக்கக் கற்பிப்பது அவர் நோக்கம். ஆனால், ஒரே துன்பத்தைத் தாங்குவோர் ஒருவரையொருவர் காண்பதே அவர்களுக்கு ஊக்கம் அளித்ததை அவர் உணர்ந்தார். பின்னாளில் உடல்நோவும் மனக்கலக்கமும் உடையோருக்கும் அத்தகைய வகுப்புகளை நடத்தினார்.

1979இல் அதே மாநிலத்தில் ஜான் கபாட்-சின் என்பவர், மருந்தால் முழுமையாகத் தீராத வலியுடையோரை ஒரு வகுப்பில் ஒன்றுசேர்த்தார். கீழை நாடுகளின் தியானமும் யோகாவும் அவ்வகுப்பின் அடித்தளமாயின. வலியோடு போரிடாமல், அதை ஊன்றிக் கவனித்து, அதனோடு வாழும் திறனை வளர்ப்பதே அதன் நெறி.

பணமும் மருத்துவரும் குறைந்த இடங்களிலும் குழுமுறை பயன் தந்தது. ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுச் சிற்றூர்களில் மனச்சோர்வுற்றோர் வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், 16 வாரங்கள் குழுவாகக் கூடினர். அவர்களை வழிநடத்தியோர் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களே. குழுவில் பங்குபெற்றோரின் சோர்வு பெரிதும் குறைந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில், கோவாவின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் மனச்சோர்வுற்றோருக்கு ஆற்றுப்படுத்தல் வழங்கினர். அது நலம்பெறுவோர் எண்ணிக்கையை உயர்த்தியதை விக்ரம் பட்டேல் குழுவினரின் ஆய்வு 2010இல் உணர்த்தியது.

புதுச்சேரி என்னும் களம்

பல மருத்துவ மரபுகள் அருகருகே வாழும் ஊர் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் 1823ஆம் ஆண்டு இங்கு மருத்துவப்பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. 1954இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றபின் 1956இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாக மலர்ந்தது. 1964இல் சவகர்லால் நேரு பெயர் தாங்கிய ஜிப்மர் நிறுவனமாக வளர்ந்து, கோரிமேட்டில் இன்று தென்னிந்தியாவின் பல பகுதி மக்களும் நாடிவரும் மருத்துவமனையாக விளங்குகிறது. சித்த மருத்துவத்துக்கான மண்டல ஆராய்ச்சி நிறுவனமும் இந்நகரில் உள்ளது. அரவிந்தர் 1910இல் வந்து தங்கிய ஊர் என்பதால் யோகாவுக்கும் இங்கு நீண்ட மரபு உண்டு.

இம்மரபுகள் ஒரே கூரையின்கீழ் சந்திக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. ஜிப்மரில் 2008இல் மொரார்ஜி தேசாய் தேசிய யோகா நிறுவனத்தின் துணையுடன் யோகா சிகிச்சைக்கான உயராய்வு மையம் தொடங்கப்பெற்றது. இதயநோய், நீரிழிவு ஆகியவற்றில் யோகாவின் பங்கை அது ஆராய்ந்தது. 2010இல் பிள்ளையார்குப்பத்தில் உள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியிலும் யோகா சிகிச்சை மையம் ஒன்று உருவாயிற்று. அங்கு மருத்துவத் துறைகள் அனுப்பும் நோயாளிகளுக்குத் தனியாகவும் குழுவாகவும் பயிற்சி அளிக்கப்படுகிறது. மருந்தை நிறுத்திவிட்டு யோகா செய்வதன்று. மருந்தோடு யோகாவும் அமைவதே இதன் வழி. இதனையே ‘ஒருங்கிணைந்த மருத்துவம்’ என்பர்.

அம்மையம் பின்னர் ‘சாலுட்டோஜெனிசிஸ்’ என்னும் சொல்லைத் தன் பெயரில் ஏற்றது. ‘நலம் பிறக்கும் வழி’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆரன் அன்டோனோவ்ஸ்கி என்னும் சமூகவியலாளர் படைத்த கலைச்சொல் அது. கொடுமையான வதைமுகாம்களில் இருந்து மீண்ட பெண்களுள் சிலர் எவ்வாறு நலமாக வாழ்கின்றனர் என்னும் வினா அவரை ஈர்த்தது. தன் வாழ்வு புரிந்துகொள்ளத்தக்கது, கையாளத்தக்கது, பொருளுடையது என்னும் உணர்வே மனிதரைத் தாங்குகிறது என்று அவர் விடை கண்டார். வலியால் நலிந்தோர் முதலில் இழப்பது இவ்வுணர்வையே.

குழு கூடும் வேளை

இழந்த அவ்வுணர்வை மீட்பதே குழு அமர்வின் பணி. பத்துப் பேர் அளவில் வட்டமாக அமர்வர். மருத்துவரோ செவிலியரோ குருதியழுத்தத்தையும் உட்கொள்ளும் மருந்துகளையும் கேட்டறிவார். கடந்த வாரம் எவ்வாறு கழிந்தது என்பதை ஒவ்வொருவரும் தம் சொற்களில் கூறுவர். பேச விரும்பாதோர் கேட்டுக்கொண்டிருக்கலாம். பின்னர், நாற்காலியில் அமர்ந்தும் செய்யத்தக்க எளிய உடலசைவுகள், மூச்சுப்பயிற்சி, தளர்வுப்பயிற்சி ஆகியன நிகழும். உறக்கம், உணவு, சினம், குடும்ப உறவு ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிய உரையாடல் தொடரும். இறுதியில், வரும் வாரத்துக்கான சிறு இலக்கு ஒன்றை ஒவ்வொருவரும் வகுத்துக்கொள்வர்.

வலி குறைந்த நாளில் எல்லா வேலைகளையும் முடித்துவிட எண்ணி மறுநாள் படுத்துவிடுவது நாட்பட்ட வலியுடையோர் பலரின் வழக்கம். வேலையைப் பகுத்து, வலி வருமுன்பே ஓய்வுகொள்ளும் ஒழுங்கை இங்குக் கற்கின்றனர். அதை மருத்துவர் கூறும்போது அறிவுரையாகிறது. அதே வலியுடைய அயலார் கூறும்போது நம்பிக்கையாகிறது. ‘எனக்கும் அப்படித்தான்’ என்னும் ஒரு தொடர், ‘இது என் கற்பனையோ’ என்னும் நெடுநாள் ஐயத்தை நீக்குகிறது. மேலும், கேட்டுப் பெறுபவராக மட்டும் வந்தவர் பிறருக்குத் துணைபுரிபவராகவும் மாறுகிறார்; தான் பயனற்றவர் என்னும் எண்ணம் அங்கே தளர்கிறது.

அளந்து கண்ட உண்மை

நல்ல நோக்கம் உடைய முறையையும் அளந்து பார்ப்பதே அறிவியல். நாட்பட்ட வலியும் மனச்சோர்வும் ஒருங்கே உடைய, வருவாய் குறைந்த 159 பேரைக் கொண்டு பாஸ்டனில் நிகழ்ந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் இத்தகைய குழுவில் பங்குபெற்றனர். மற்றொரு பிரிவினர் வழக்கமான சிகிச்சை பெற்றனர். வலியின் அளவிலும் சோர்வின் அளவிலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும், ஒன்பதாம் வார முடிவில் குழுவினரின் மனநலம் சார்ந்த வாழ்க்கைத்தரம் மேம்பட்டிருந்தது. அவசரச் சிகிச்சைப் பிரிவை நாடுவதும் குறைந்திருந்தது.

இதன் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. குழு, வலியை மாயமாய் மறையச் செய்வதில்லை. வலியோடு வாழ்வதை எளிதாக்குகிறது; நள்ளிரவில் அஞ்சி ஓடும் நிலையைக் குறைக்கிறது. எனவே, குழுமுறையை மருந்துக்கு மாற்றாகக் கொள்வது பிழை. கடுமையான மனச்சோர்வுக்கு மனநல மருத்துவரின் நேரடிச் சிகிச்சை இன்றியமையாதது. புதிதாகத் தோன்றும் வலிக்கு உரிய பரிசோதனையும் தேவை. குழுவில் கேட்ட பிறர் செய்தியை வெளியே பகிராமையும் கட்டாயமான அறமாகும்.

நான்காம் கூறு

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. முதல் மூன்றும் இருந்தும் நான்காவது இல்லாமையால் நலிவோர் பலர். முன்பு கூட்டுக்குடும்பமும் தெருத் திண்ணையும் அவ்விடத்தை ஓரளவு நிரப்பின. இன்று குடும்பம் சுருங்கியது, திண்ணை மறைந்தது, வலியுற்றோர் மூடிய கதவின்பின் இருக்கின்றனர். குழுமுறை மருத்துவம் அந்நான்காம் கூறை மருத்துவமனைக்குள் மீண்டும் அமைக்க முயல்கிறது.

அதற்கு மருத்துவமனை மட்டும் போதாது. வலிக்கிறது என்று கூறுபவரை ஐயுறாமல் கேட்கும் செவி ஒவ்வோர் இல்லத்திலும் வேண்டும். அச்செவி உள்ள இடத்தில் வலி உடனே தீராது போகலாம். ஆனால், வலியுற்றவர் தனித்து நிற்கமாட்டார்.

தெரிந்து தெளிவோம்

மனநல ஆற்றுப்படுத்தலுக்காக இந்திய அரசு 2022 அக்டோபரில் ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கற்பவை கற்றபின்

1. உடல்நோவையும் மனநோவையும் ஒருங்கே குறிக்கும் தமிழ்ச்சொற்களையும் வழக்குகளையும் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.
2. ‘வலியின் அளவு குறையாவிடினும் ஒரு சிகிச்சை பயனுடையதாகலாம்’ – இக்கூற்றைப் பாடக் கருத்துகளின் துணையுடன் ஆராய்க.
3. நெடுநாள் வலியுற்ற ஒருவரிடம் கூறத்தக்க சொற்கள், கூறத்தகாத சொற்கள் ஆகியவற்றைக் குழுவாகக் கலந்துரையாடிப் பட்டியலிடுக.