நெடுநாள் வாழ்ந்தோரும் ஆங்கிலப் பரீட்சையும்

ஐக்கிய அமெரிக்க நாட்டிலே ஏழாம் வயதிற் பெற்றோருடன் குடியேறிய மாணாக்கன் ஒருவன் உளன் என வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகள் அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களிற் பயின்றபின், கலாசாலையிற் சேர விண்ணப்பம் எழுதுகிறான். ‘தாய்மொழி யாது?’ என்னும் வினாவிற்கு, வீட்டிற் பேசும் பாஷையை உள்ளவாறே குறிக்கின்றான். டோஃபல் பரீட்சையில் தேறி வருக எனக் கலாசாலை விடையிறுக்கின்றது. ‘ஆங்கிலம் என்று எழுதியிருந்தால் இத்தொல்லை நேர்ந்திராதே!’ என அவன் உள்ளம் தடுமாறுகின்றது. இவ்விதி நியாயமானதுதானா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இத்தகைய பரீட்சைகள் எழுந்த காரணத்தை முதற்கண் அறிதல் வேண்டும். 1913-ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் அயல்மொழியாளர்க்கென ஓர் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை ஏற்படுத்தினர். முதன்முறை எழுதியவர் மூவர், ஒருவரும் தேறினாரில்லை. டோஃபல் 1964-இலும், ஐயெல்ட்ஸ் 1989-இலும் நடைமுறைக்கு வந்தன. பிற தேசங்களினின்று வரும் மாணாக்கர் ஆங்கிலத்திற் பாடங் கேட்கவும் கட்டுரை வரையவும் வல்லரோ என அறிதற்கே டோஃபல் எழுந்தது. அமெரிக்கப் பள்ளியிலேயே வளர்ந்தவனை அளத்தற்கு எழுந்ததன்று.

அங்ஙனமாயின், நெடுநாள் வாழ்ந்தமையே போதிய சான்றாகுமோ? ஆகாது. கடைத்தெருவிலும் விளையாட்டிடத்திலும் வழங்கும் பேச்சு வேறு. பாடநூலின் மொழி வேறு. இவ்வேறுபாட்டைக் கனடா தேசத்துக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் விளக்கினார். முன்னது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளிற் கைகூடும்; பின்னதற்கோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. வகுப்பில் அமர்ந்திருத்தலும் கற்றலாகாது. சான் பிரான்சிஸ்கோ நகரிலே சீனக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய 1,800 பேர் ஆங்கிலம் அறியாமலே, தனிப்பயிற்சியுமின்றி வகுப்புகளில் இருந்தனர். எல்லோர்க்கும் ஒரே புத்தகத்தைக் கொடுப்பதனால் மட்டும் சமத்துவம் உண்டாகாது என 1974-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, பிறந்த மொழியும் சரியான அளவுகோலன்று. வாழ்ந்த ஆண்டுகளும் அன்று. எம்மொழியில், எவ்வளவு காலம், எவ்வாறு கற்றான் என்பதே கேட்கத் தக்கது. ஆங்கிலவழி உயர்தரப் பள்ளியிற் சில ஆண்டுகள் பயின்றவர்க்குப் பல கலாசாலைகள் விலக்களிக்கின்றன. விதிகள் இடத்திற்கு இடம் வேறுபடும்.

இந்நிலையிலுள்ள மாணாக்கர் செய்யத்தக்கவை மூன்று. தாம் விரும்பும் கலாசாலையின் விதியை முதலில் முழுதும் படித்தல். பள்ளிச் சான்றுகளை இணைத்து, இறுதி நாளுக்கு நெடுமுன்னரே விலக்கு வேண்டி எழுதுதல். அது மறுக்கப்படின், மானக்குறைவெனக் கருதாது பரீட்சைக்கு அமர்தல். டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளே செல்லுமாதலின், காலமறிந்து எழுதுவது நன்று.

தாய்மொழியை மறைத்து எழுதுதல் மட்டும் ஒருபோதும் தகாது. பொய்யுரை பின்னர் வெளிப்படின் பெற்ற இடமும் பறிபோகலாம். அன்றியும், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் வல்லவனாயிருத்தல் குறையன்று, இரட்டைச் செல்வமேயாம். அதனைத் தக்க சான்றுடன் எடுத்துரைப்பது மாணாக்கன் கடமை. ஆய்ந்து மதிப்பது கலாசாலையின் கடமை.