உணவு ஆலையில் தமிழ்: தர உறுதிப் பணி கற்றுத்தந்த பாடம்

உணவு அறிவியல் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "பல்கலைக்கழகம் போயி சமையலாடா படிக்கப் போறே?" என்று கேட்டார் என் பாட்டி. பட்டம் பெற்று, தீவின் வடபகுதியில் உள்ள ஓர் உணவு ஆலையில் தர உறுதிப் பிரிவில் சேர்ந்தபின் அவருக்கு விளக்கிப் பார்த்தேன். "நான் சமைக்கிறதில்ல பாட்டி. சமைச்சதை வெளியே அனுப்பலாமா, வேணாமான்னு சொல்றதுதான் என் வேலை." பாட்டி சிரித்தார். "அதுக்கு ஒரு சம்பளமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

ஏன் இந்த வேலை?

2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், இருவர் உயிரிழந்தனர். பச்சைக் கடலுணவில் வாழும் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்னும் பாக்டீரியா, சமைத்த உணவில் கலந்ததே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணை காட்டியது.

ஆபத்து கிருமியாக மட்டும் வருவதில்லை. 2024 ஏப்ரலில், இந்தியாவிலிருந்து இறக்குமதியான எவரெஸ்ட் மீன்குழம்பு மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்ததால், அதைத் திரும்பப்பெற சிங்கப்பூர் உணவு அமைப்பு உத்தரவிட்டது. முன்பு மூன்று அமைப்புகளிடம் பிரிந்து கிடந்த உணவுப் பாதுகாப்புப் பொறுப்புகளை ஒன்றாக்கி 2019 ஏப்ரலில் உருவான அமைப்பு இது. தேக்காவில் நாம் வாங்கும் ஒவ்வொரு பொட்டலத்திற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட ஒரு கண்காணிப்புச் சங்கிலி இருக்கிறது.

'ஹேசப்' என்னும் முறை

ஆலைகளில் இச்சங்கிலியின் அடிப்படை 'ஹேசப்' முறை. 1960களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்க பில்ஸ்பரி நிறுவனமும் நாசாவும் சேர்ந்து இதற்கு வித்திட்டன. தயாரித்து முடித்தபின் சோதிப்பதென்றால், பெரும்பகுதி உணவைச் சோதனைக்கே செலவிட வேண்டியிருந்தது. ஆகவே, ஆபத்து எங்கே நுழையும் என முன்கூட்டியே கணித்து, அந்த இடத்திலேயே தடுக்கும் வழியைக் கண்டனர்.

கோழிக் குருமாவை எடுத்துக்கொள்வோம். நன்றாகக் கொதித்தாலும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் சாவதில்லை. பெரிய அண்டாவில் அப்படியே ஆறவிட்டால், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும். வித்துகள் முளைத்துப் பெருகும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை உள்ள வெப்பநிலையை ஆபத்து வட்டம் என்போம். ஆகவே குருமாவை விரைவாகக் குளிர்விப்பது ஒரு முக்கியக் கட்டுப்பாட்டு நிலை. அதற்கு ஓர் எல்லை வேண்டும். எல்லையை அளக்க ஒருவர் வேண்டும். எல்லை மீறினால் என்ன செய்வது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அளந்ததை எழுதிவைக்க வேண்டும். எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

அந்த 'இன்னொருவர்' நான்தான்.

நாலு, நாலு, நாலு

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. தீபாவளிக்கு முந்திய வாரம். குளிர்பதன அறையின் பதிவுக் கருவியைக் கணினியில் இணைத்துப் பார்த்தேன். முந்திய இரவு ஏறத்தாழ ஆறு மணி நேரம் அறை 9 டிகிரியில் இருந்திருக்கிறது. பதிவேட்டைப் புரட்டினேன். இரவு முழுவதும் 4, 4, 4. அதற்கு முந்திய நாளும் 4. அந்த மாதம் முழுவதுமே 4. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து.

அறையிலிருந்த எண்ணூறு பொட்டலங்களையும் நிறுத்திவைத்தேன். தீபாவளி விற்பனைக்குப் போக வேண்டியவை. மேலாளர் முகம் சுளித்தாலும் தடுக்கவில்லை. எல்லாம் அழிக்கப்பட்டன. அடுத்து, பதிவேட்டை எழுதிய ஊழியருக்கு எச்சரிக்கைக் கடிதம் தயாரானது. வேலை அனுமதிச்சீட்டில் வந்தவருக்கு அப்படி ஒரு கடிதம் என்றால் அடுத்து விமானச் சீட்டுதான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"ஏண்ணே எல்லாத்துலயும் நாலுன்னே எழுதியிருக்கீங்க?"

"நாலுதான் இருக்கணும்னு சொன்னாங்க சார். வேற எழுதினா ஏசுவாங்கன்னு நினைச்சேன்."

அளப்பதற்காகத்தான் அந்தக் கட்டம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. படிவம் முழுவதும் ஆங்கிலம். அதை அவர் மொழியில் ஒருமுறையாவது நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. ஒரு மாதம் முழுவதும் ஒரே எண் வருவது இயல்பல்ல என்று சந்தேகப்படவும் இல்லை. மேலாளரிடம் போய், "கடிதம் கொடுப்பதென்றால் எனக்கும் ஒன்று வேண்டும், கையெழுத்து என்னுடையது" என்றேன். கடிதங்கள் இரண்டும் வரவில்லை. படிவத்தை மாற்றும் வேலை வந்தது.

தமிழில் ஒரு படிவம்

தமிழவையில் விவாதமேடை ஏறியவன் என்ற நம்பிக்கையில், 'திருத்த நடவடிக்கை' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அண்ணன் படித்துவிட்டு, "இதுல என்ன சார் எழுதணும்?" என்றார். அகராதித் தமிழும் அவருக்கு ஆங்கிலம் போலத்தான் இருந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: '5க்கு மேல் காட்டினால் யாரைக் கூப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்கு?' கீழே ஒரு வரி: 'உண்மையான எண்ணை எழுதியதற்காக யாரும் ஏச மாட்டார்கள்.' சக ஊழியர் ஒருவர் அதையே வங்காள மொழியில் எழுதித் தந்தார்.

மூன்று வாரம் கழித்து, விடியற்காலை இரண்டு மணிக்குக் கைப்பேசி ஒலித்தது.

"சார், ஏழு காட்டுது."

கதவின் ரப்பர் கிழிந்திருந்தது. பொருள்களை வேறு அறைக்கு மாற்றினோம். அன்று ஒரு பொட்டலமும் வீணாகவில்லை.

இத்துறைக்கு வர விரும்புவோர்க்கு

தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் பொருளைச் சோதிப்பார்கள்: அமிலத்தன்மை, நுண்ணுயிர், உலோகத் துகள். தர உறுதியில் இருப்பவர்கள் முறையைக் காப்பார்கள்: பதிவேடு, தணிக்கை, பயிற்சி. ஒழுங்குமுறைப் பிரிவினர் லேபிளைப் பார்ப்பார்கள். நிலக்கடலையும் பாலும் இருப்பதை அறிவிக்காமல் விட்டால், ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. வேதியியல், உயிரியல், உணவு அறிவியல் படித்தவர்கள் எளிதாக நுழையலாம். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வந்து என்னைவிடச் சிறப்பாகச் செய்பவர்களும் உண்டு.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது தமிழ் தெரியும் என்பதையும் சொல்லுங்கள். அதைத் தளத்தில் பயன்படுத்துங்கள். பதிவேட்டில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுதியவரிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு வேலை போகலையே?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை. இன்று இரவு நேரத்தில் புதியவர்களுக்குப் படிவம் எழுதக் கற்றுத்தருபவர் அவர்தான்.