வீடியோவிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பது எப்படி?



சென்ற மாதம் ஒரு சகோதரி பென்டிரைவோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். மர்ஹூமான தம் வாப்பா குடும்பத்தாரிடம் பேசிய வீடியோ அதில் இருந்தது. வெளிநாட்டிலுள்ள தம்பி இணையத்தில் ஏற்றி வைத்ததை இவர் பதிவிறக்கியிருக்கிறார். உம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. குரல் கேட்டால் போதும். கோப்பின் பெயரில் எம்பி4 என்றிருந்ததை எம்பி3 என்று மாற்றிப் பார்த்தாராம். உம்மாவின் ஸ்பீக்கரில் ஓடவில்லை. வேறு சிலருக்கும் இந்தத் தேவை இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. வீடியோ கோப்பு டிபன் கேரியர் போன்றது. ஓரடுக்கில் படம், இன்னோர் அடுக்கில் ஒலி. எம்பி4, எம்கேவி, வெப்எம் என்பவை கேரியரின் பெயர்கள்தாம். எம்பி4 கோப்பில் ஒலி பெரும்பாலும் ஏஏசி வகையாகவும், வெப்எம் கோப்பில் ஓபஸ் அல்லது வோர்பிஸ் வகையாகவும் இருக்கும்.

பிரிக்கும் முறை:

1. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரில் வீடியோவை ஓட விடுங்கள். 'டூல்ஸ்' மெனுவில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' திறந்தால், உள்ளே எந்தெந்த அடுக்குகள் உள்ளன என்று தெரியும்.

2. 'மீடியா' மெனுவில் 'கன்வர்ட்/சேவ்' சென்று, 'ஆட்' அழுத்திக் கோப்பைச் சேருங்கள். கீழேயுள்ள 'கன்வர்ட்/சேவ்' பொத்தானை அழுத்துங்கள்.

3. 'ப்ரொஃபைல்' பட்டியலில் 'ஆடியோ – எம்பி3' தேர்ந்தெடுங்கள். சேமிக்கும் இடத்தையும் புதிய பெயரையும் கொடுத்து 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். மூலக் கோப்பின் பெயரையே கொடுத்துவிடாதீர்கள்.

128 கேபிபிஎஸ் அளவில் எடுத்தால், ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 58 எம்பி வரும்.

சரியாக வராவிட்டால்:

ஒலி அடுக்கே இல்லையா? பல தளங்கள் உயர்தர வீடியோவில் படத்தையும் ஒலியையும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. படம் மட்டும் இறங்கியிருக்கும். ஒலியோடு சேர்த்து மீண்டும் இறக்குங்கள்.

பாதியில் நிற்கிறதா, திறக்கவே இல்லையா? பதிவிறக்கம் முழுமையாகவில்லை என்று சந்தேகியுங்கள். எம்பி4 கோப்பின் அட்டவணை சில சமயம் கடைசிப் பகுதியில் இருக்கும். வால் அறுந்தால் கோப்பே திறக்காது. மூலக் கோப்பின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிய கோப்பு 0 கேபி என்று காட்டுகிறதா? வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டெஸ்க்டாப்பில் சேமித்து முயலுங்கள்.

போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் கேட்கவில்லையா? பழைய ஸ்பீக்கர்கள் சிலவற்றுக்கு எம்பி3 மட்டுமே தெரியும். மூல வீடியோவிலிருந்தே எம்பி3 எடுங்கள். ஒருமுறை மாற்றியதிலிருந்து மறுபடி மாற்றினால் ஒலித்தரம் குறையும்.

படம் மட்டும் வேண்டுமா? ப்ரொஃபைலைத் திருத்தும் பகுதியில் 'ஆடியோ' என்ற குறியை எடுத்துவிடுங்கள்.

அந்தச் சகோதரியின் கோப்பில் பெயர் மாற்றம் மட்டுமல்ல, இன்னொரு குறையும் இருந்தது. பாதிக்கு மேல் ஓடவில்லை. தம்பியிடம் அளவைக் கேட்டோம். இங்கிருந்தது அதைவிட மிகக் குறைவு. மீண்டும் இறக்கிய பின் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. இடம் போதவில்லை என்று தம்பி அங்கே அழித்திருந்தால், மீதிப் பேச்சு போனது போனதுதான்.

ஆகவே, எடுத்த ஒலியைக் கடைசி வரை கேட்காமல் மூல வீடியோவை அழிக்காதீர்கள். கேட்ட பிறகும் இரண்டு இடங்களில் வைத்திருங்கள். பிறருடைய பதிவாக இருந்தால் அவர்களிடம் அனுமதி பெற்றே எடுங்கள்.

செய்ய வராதவர்கள் பென்டிரைவோடு அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்