படப்பிடிப்புக்கு முன் கருத்தறிதல்: மாணவர் இசைக் காணொளிக்கு ஏற்ற முறை எது?

இங்கிலாந்தில் ஏ லெவல் எனப்படும் பள்ளி இறுதி நிலையில் ஊடகவியல் பயிலும் மாணவர்கள், ஏதேனும் ஒரு பாடலுக்கு இசைக் காணொளி ஒன்றைத் தாமே திட்டமிட்டு, படம்பிடித்து, தொகுத்து அளிப்பது நெடுநாளாகப் பழக்கத்தில் உள்ள செய்முறைப் பணியாகும். அங்குள்ள தேர்வு வாரியங்களுள் ஒன்றான ஓசிஆரின் முந்தைய பாடத்திட்டத்தில், பணி முடிந்தபின் மாணவர் விடையளிக்க வேண்டியிருந்த நான்கு மதிப்பீட்டு வினாக்களுள் ஒன்று, பார்வையாளர் கருத்துகளிலிருந்து அவர் கற்றது என்ன என்பதாகும். வினா இறுதியில் வருவதால் கருத்தறிதலையும் இறுதியில் செய்தால் போதும் என்று எண்ணுவது எளிது. ஆனால் தொகுப்பு முடிந்த காணொளியைப் பற்றிக் கிடைக்கும் கருத்து மதிப்பீட்டுக் கட்டுரையை நிரப்புமேயன்றி, காணொளியைத் திருத்தப் பயன்படாது. நடிகர்களும் இடமும் உறுதியாவதற்கு முன், எந்தக் கருத்துருவைப் படமாக்குவது என்பதே முடிவாகாத நிலையில் பெறும் கருத்துக்குத்தான் முழு மதிப்பு உண்டு. அந்த நிலையில் மாணவர் கையாளக்கூடிய முறைகள் சிலவே. அவற்றுள் எதைத் தேர்வது என்பது, அவர் எதை அறிய விரும்புகிறார் என்பதைப் பொறுத்தது.

அறிய வேண்டியது எது என்பதை ஆண்ட்ரூ குட்வின் 1992இல் வெளியிட்ட இசைத் தொலைக்காட்சி பற்றிய நூல் தெளிவாக்க உதவும். பாடல் வரிகளுக்கும் காட்சிகளுக்கும் இடையிலான உறவை அவர் மூன்றாகப் பகுத்தார்: வரிகள் சொல்வதையே காட்சி காட்டுவது, வரிகளில் இல்லாத பொருளைக் காட்சி கூட்டுவது, வரிகளோடு காட்சி பொருந்தாமலோ முரண்பட்டோ நிற்பது. பிரிவைப் பாடும் ஒரு பாடலுக்கு, இரயில் நிலையத்தில் பிரியும் இருவரின் கதை, பாழடைந்த கிடங்கில் பாடும் இசைக்குழு, ஆரவாரமான பிறந்தநாள் விருந்து என மூன்று கருத்துருக்கள் மாணவர் முன் இருப்பதாகக் கொள்ளலாம். முதலாவதைப் பற்றி 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதில் ஓரளவு பொருளுண்டு. மூன்றாவதைப் பற்றி அவ்வாறு கேட்பதால் பயன் சிறிதே. ஏனெனில் அங்கே அறிய வேண்டியது, விருந்தின் மகிழ்ச்சிக்கும் பாடலின் துயரத்துக்கும் இடையிலான முரணைப் பார்ப்பவர் திட்டமிட்ட ஒன்றாக உணர்கிறாரா, அல்லது பாடலுக்குப் பொருந்தாத படம் என்று ஒதுக்குகிறாரா என்பது. விருப்பம் ஒன்று, புரிதல் வேறொன்று. கருத்துரு நிலையில் புரிதலே முதன்மையானது. விருப்பம் பெரும்பாலும் படமாக்கும் திறனைச் சார்ந்து பின்னர் உருவாகிறது.

மாணவர்கள் முதலில் நாடுவது வினாநிரல், அதாவது ஒரே வினாக்களை ஒரே வரிசையில் பலருக்கும் அனுப்பி விடைகளை எண்ணிப் பார்க்கும் முறை. கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற வசதிகளால் இதற்குச் செலவில்லை. ஒரு கூற்றைக் கொடுத்து, 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து படிகளில் விடை கேட்கும் அளவுகோலை ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வகுத்தார். அதுவே இன்றும் இத்தகைய படிவங்களின் அடிப்படை. இம்முறையின் குறை இரண்டு. முதலாவது, படிவத்தில் இருப்பது காணொளி அன்று, அதைப் பற்றிய இரண்டு வரி விவரணை. எனவே விடையளிப்பவர் அந்த வரிகளின் கவர்ச்சிக்கே மதிப்பெண் இடுகிறார். இரண்டாவது, எண்களின் நிலையாமை. 30 பேரில் 18 பேர் ஒரு கருத்துருவையும் 12 பேர் மற்றொன்றையும் தேர்ந்தால் அது தெளிவான வெற்றி போலத் தோன்றும். ஆனால் ஒரு நாணயத்தை 30 முறை சுண்டினால், ஏதேனும் ஒரு பக்கம் 18 முறையோ அதற்கு மேலோ விழுவதற்கு மூன்றில் ஒன்றுக்கும் கூடுதலான வாய்ப்பு உண்டு. அந்த 30 பேரும் எளிதில் கிடைத்த வகுப்புத் தோழர்களே என்றால் நிலைமை மேலும் மோசமாகும். ஆகவே கருத்துருக்களுக்கு இடையே தேர்வு செய்ய வினாநிரல் ஏற்றதன்று. பார்வையாளர் இசைக் காணொளிகளைக் கைப்பேசியிலா தொலைக்காட்சியிலா பார்க்கிறார், இந்தப் பாடலை முன்பே அறிவாரா என்பன போன்ற நேரடிச் செய்திகளைத் திரட்ட அது ஏற்றது. சமூக ஊடக வாக்கெடுப்புக்கும் இதே குறைகள் உண்டு. வாக்களித்தவர் யார் என்பதைப் பற்றிய விவரமோ அங்கே இன்னும் குறைவு.

எண்களுக்குப் பின்னுள்ள காரணத்தைத் தேடியே குழு நேர்காணல் பிறந்தது. அமெரிக்காவில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஃபிராங்க் ஸ்டாண்டனும் உருவாக்கிய கருவியில், வானொலி நிகழ்ச்சியைக் கேட்போர் பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானையும் பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தானையும் அழுத்தினர். எந்த நொடியில் பிடிக்காமற்போனது என்பதைக் கருவி காட்டியது. ஏன் என்பதை அது காட்டவில்லை. அந்த 'ஏன்' என்பதை ஒழுங்காகக் கேட்டறியும் நெறியை ராபர்ட் மெர்ட்டனும் பாட்ரிஷியா கெண்டலும் 1946இல் கட்டுரையாக வெளியிட்டனர். ஆறு முதல் எட்டுப் பேரை அமர்த்தி உரையாடச் செய்யும் இன்றைய குவியக் குழு முறையின் வேர்களுள் அது முக்கியமானது. குழுவின் வலிமை, ஒருவர் சொல் மற்றொருவரின் நினைவைத் தூண்டுவது. அதன் ஆபத்தும் அங்கேயே உள்ளது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய பணியில்கூட, சுற்றியிருப்போர் ஒருமித்துத் தவறாகச் சொன்னால் பலர் அதற்கு இசைந்துவிடுவதை 1951இல் வெளியான சாலமன் ஆஷின் ஆய்வு காட்டியது. ஒரே வகுப்பில் தினமும் பழகுவோரிடம் இந்த இசைவு எளிதில் நேரும்; காணொளியைத் திட்டமிட்ட மாணவரே எதிரில் அமர்ந்திருந்தால், நண்பரின் மனம் நோகக்கூடாது என்ற தயக்கமும் அதனுடன் சேர்கிறது. பேச்சு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தாளில் எழுதி முடித்துவிட வேண்டும் என்ற ஒரே விதி இதைப் பெருமளவு குறைக்கும். உரையாடலை வேறொரு மாணவர் நடத்துவதும் நல்லது.

மூன்றாவது முறை மாணவர்களிடையே குறைவாகவே வழங்குகிறது; ஆனால் இந்நிலைக்கு மிகப் பொருத்தமானது அதுவே. ஒவ்வொரு கருத்துருவுக்கும் காட்சிகளை வரிசையாக வரைந்த ஸ்டோரிபோர்டுப் படங்களைப் பாடலின் ஒரு நிமிடப் பகுதியோடு பொருத்தி, அனிமேட்டிக் எனப்படும் அசையாப் படத் தொகுப்பாக்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே காட்டி, முதலில் 'என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்க வேண்டும். விளக்கம் எதுவும் முன்னதாகத் தரலாகாது. ஏ லெவல் மாணவர்கள் பாடமாகப் படிக்கும் ஸ்டூவர்ட் ஹாலின் 1973ஆம் ஆண்டுக் கோட்பாட்டின்படி, ஒரு படைப்பைப் பெறுபவர் படைத்தவர் எண்ணிய பொருளை ஏற்கலாம், தமக்கேற்ப ஓரளவு மாற்றிக் கொள்ளலாம், அல்லது எதிர்த்து வாசிக்கலாம். பார்த்ததைத் தம் சொற்களில் திரும்பச் சொல்லும் இந்த மறுகூறலில் அவ்வேறுபாடுகள் வெளிப்படுகின்றன. விருந்துக் காட்சியைப் பார்த்தவர், 'எல்லோரும் சிரிக்கிறார்கள், அவள் மட்டும் அங்கே இல்லாதவள் போல் இருக்கிறாள்' என்று சொன்னால் முரண் சென்று சேர்ந்துவிட்டது. 'பிறந்தநாள் பாட்டா இது?' என்று கேட்டால் சேரவில்லை. கவனம் எங்கே தளர்ந்தது, எது பிடித்திருந்தது என்பவற்றை அதன் பின்னரே கேட்கலாம். மூன்று கருத்துருக்களை ஆறு வரிசைகளில் காட்ட முடியுமாதலால், ஆறு பேர் கிடைத்தால் ஒருவருக்கு ஒரு வரிசை என்று பகிர்ந்து, முதலில் பார்த்ததற்கோ இறுதியில் பார்த்ததற்கோ கிடைக்கும் கூடுதல் சாய்வைச் சமன் செய்துவிடலாம். வரைவதற்கு ஓரிரு நாள் உழைப்புத் தேவை என்பது உண்மை. ஆனால் ஸ்டோரிபோர்டு எப்படியும் படப்பிடிப்புக்குத் தேவைப்படும் ஒன்றே.

இரண்டு வாரம் இருக்குமானால், பார்வையாளரின் பழக்கங்களை அறியக் குறுகிய வினாநிரல், அடுத்துத் தனித்தனி மறுகூறல், எஞ்சிய கருத்துருவைச் செப்பனிடக் குழு உரையாடல் என்ற வரிசை தகும். படங்களை வரைந்து முடித்தபின் ஒரு பிற்பகல் மட்டுமே இருந்தால் மறுகூறலை மட்டும் செய்து, மற்ற இரண்டையும் விட்டுவிடலாம். பலருக்குப் பிடித்த கருத்துரு ஒன்றாகவும் சரியாகப் புரிந்த கருத்துரு வேறாகவும் அமைந்தால், புரிந்ததையே தேர்ந்து, பிடித்ததில் இருந்த ஒளியமைப்பையோ இடத்தையோ அதற்குள் கொண்டுவர முயல்வது தக்கது. பாடலின் இலக்குப் பார்வையாளர்களுள் ஒருவரல்லாத ஆசிரியரின் கருத்து, படமாக்க இயலுமா என்பதற்கு வழிகாட்டும். பார்வையாளர் கருத்தோடு அதைக் கலந்து எண்ணுதல் கூடாது. ஒவ்வொருவரும் சொன்னதை அவர் சொற்களிலேயே குறித்து, அதன் எதிரே செய்த மாற்றத்தையும், மாற்றம் செய்யாத இடத்தில் அதற்கான காரணத்தையும் அன்றே எழுதிவைத்தால், பின்னர் மதிப்பீட்டு வினாவுக்கு விடையெழுதும்போது மாணவர் நினைவை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை.