குறைந்த முதலில் எடுக்கப்பெறும் சண்டைப் படங்கள்: குணமும் குற்றமும்

சென்ற ஆண்டு மார்கழி விடுமுறையில் நம் கல்லூரி மாணவர் பதின்மரோடு யான் ஒகேனக்கலுக்குச் சென்றிருந்தேன். எண்ணெய் தேய்ப்போரும் மீன் பொரிப்போரும் நெருங்கிய கரையைக் கடந்து, கூட்டமில்லாத பாறைப் பகுதியை அடைந்தபொழுது, அங்கே சிறு படக்குழுவொன்று சண்டைக் காட்சி ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. படப்பெட்டி ஒன்று, வெள்ளித்தாள் ஒட்டிய ஒளிப்பலகை இரண்டு, கோலேந்திய வீரர் அறுவர், கதாநாயகன் ஒருவன், கணக்குப் புத்தகத்தை நோக்கி நோக்கிப் பெருமூச்செறியும் முதலாளி ஒருவர். அவ்வளவே அக்குழுவின் படை. இரண்டு மணி நேரம் நின்று பார்த்தோம்.

திரும்பும் வழியிற் பேருந்திலே வாதம் மூண்டது. "இப்படிக் கடன் வாங்கி எடுக்கும் படத்தை யார் பார்ப்பார்?" என்றான் ஒரு மாணவன். "கோடி கோடியாய்ச் செலவிட்ட படத்தில் இத்துணைத் தூய கோல்வீச்சை நீ கண்டதுண்டா?" என்றான் மற்றொருவன். பெண்ணாகரம் கடந்தும், தருமபுரி வந்தும் அவ்வாதம் ஓயவில்லை. அவருள் நால்வர், அடுத்த விடுமுறையில் தாமும் அவ்வருவிக்கரையிலே கைப்பேசி கொண்டு ஒரு சண்டைப் படம் எடுக்கக் கருதியிருப்பதாகவும், நல்லது எது, தீயது எது என்று யான் சொல்ல வேண்டுமென்றும் கேட்டனர். அவர்க்கு வாயால் விடுத்த விடையை விரித்தெழுதியதே இக்கட்டுரை.

சண்டைப் படம் என்றவுடன் கற்றோர் முகம் சுளிப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். பம்பாயில் வாடியா மூவிடோன் நிறுவனத்தார் 1935-இல் வெளியிட்ட 'ஹண்டர்வாலி' என்னும் படத்தில் நாடியா என்னும் பெண்மணி சவுக்கேந்திப் போர் புரிந்தார். தமிழில் 1937-இல் வெளிவந்த 'மின்னல்கொடி'யில் கே. டி. ருக்மணி அவ்வாறே வீரச்செயல் காட்டினார். தரையில் மணலைக் குவித்து அமர்ந்து பார்த்த மக்கள் இவற்றைக் கொண்டாடினர். நாற்காலியில் அமர்ந்தோரிற் பலர், பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்றனர். புராணப் படத்துக்கு உண்டான பெருமையும் சமூகப் படத்துக்கு உண்டான மதிப்பும் இவற்றுக்குக் கிட்டவில்லை. ஆயினும் குதிரையேற்றமும் வாள்வீச்சும் மற்போரும் திரையில் எவ்வாறு காட்டத்தக்கன என்பதை நம் படக்கலைஞர் பெரும்பாலும் இத்தகைய படங்களிலேயே கற்றனர்.

ஒகேனக்கல் வட்டாரத்தார்க்கு இதில் ஓர் உறவும் உண்டு. 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை இவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அச்சேலத்தில் 1935-இல் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. நடிகரும் தொழிலாளரும் ஒரே வளாகத்திலிருக்க, குறித்த நாளிற் படம் முடிய வேண்டும் என்பது அங்கே சட்டம். சுந்தரம் 1963-இல் மறைந்த பின்னரும் அவ்வழக்கம் நின்றது. ஜெய்சங்கர் நடித்த 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' என்னும் இரு படங்களும் 1966-ஆம் ஆண்டில் அங்கிருந்தே வந்தன. மற்போர் வீரராயிருந்து படமுதலாளியான சாண்டோ சின்னப்பா தேவர் 1956-இல் 'தாய்க்குப்பின் தாரம்' தொடங்கி விரைவாகவும் சிக்கனமாகவும் படமெடுத்துப் பெயர் பெற்றார். படப்பெட்டியைத் தாமே இயக்கிய எம். கர்ணன் 1972-இல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்னும் குதிரைச் சண்டைப் படங்களைத் தந்தார். இவர்களெல்லாம் பணத்தைக் கொட்டி வென்றவரல்லர். பணம் குறைந்தவிடத்தே உழைப்பையும் வேகத்தையும் இட்டு நிரப்பியவர்.

இனி மதிப்பிடும் முறைக்கு வருவோம். படத்தின் வறுமையையும் படத்தின் குற்றத்தையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது. ஒரே சட்டையைக் கதாநாயகன் மூன்று காட்சிகளில் அணிந்தால் அது வறுமை. அரண்மனைச் சுவர் அட்டையென்று தெரிந்தால் அதுவும் வறுமையே. முதல் ரீலில் அடிபட்டு வீழ்ந்த அடியாள் மூன்றாம் ரீலில் மீசை ஒட்டிக்கொண்டு மறுபடி வருவானாயின், அவனுக்கு இரண்டு நாட் கூலி கிடைத்ததென்று நாம் மகிழலாம். இவற்றையெல்லாம் எண்ணி நகைப்பவன் படத்தைப் பார்த்தவன் ஆகான். விலைப்பட்டியலைப் பார்த்தவனே ஆவான்.

பணத்தால் வாங்கவியலாத பொருள் ஒன்று சண்டைப் படத்தில் உண்டு. அதுதான் பயின்ற உடல். சிலம்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஆடுவானின் நெற்றி மட்டத்துக்கு வரும் ஒரு மூங்கிற் கோல். அதற்குரிய விலை மிகச் சிறிது. ஆனால் அக்கோலுக்கேற்பக் காலடி தானே விழும்வரை பழகுதற்கு ஆண்டுகள் செல்லும். கோல் சுழல்வதைக் காட்டிலும் கால் பெயர்வதே சிலம்பத்தின் உயிர். ஆதலின், சிலம்பச் சண்டையிற் படப்பெட்டி எங்கே நிற்கிறது என்பதை முதலிற் பாருங்கள். தலைமுதற் கால்வரை ஆள் முழுதும் தெரிய, வீச்சும் தட்டும் ஒரே துண்டில் ஐந்தாறு முறை நிகழுமாயின், அப்படக்காரர் தம் வீரரை நம்புகின்றார் என்றறியலாம். இடுப்புக்கு மேலேயே காட்டி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு வெட்டு வெட்டி ஒட்டினால், அங்கே மறைக்கப்படுவது ஏதோ உண்டு. 1971-இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் எம். ஜி. ஆர். ரிக்‌ஷாவில் இருந்தவாறே கோல் சுழற்றும் காட்சியை மக்கள் இன்றளவும் பேசுவதற்குக் காரணம், ஆடுபவர் கோலறிந்தவர் என்பது கண்ணுக்குத் தெரிவதே.

விரைவு என்பது மற்றொரு பொருள். திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுவது. நொடிக்கு 20 படமாக எடுத்து 24 ஆக ஓட்டினால், மந்தமான கையும் மின்னற்கையாகத் தோன்றும். ஹாங்காங் படக்காரரும் நம்மவரும் இவ்வுத்தியை நிரம்பக் கையாண்டனர். சிறிதளவாயின் இஃது உணவிற்கு உப்புப்போல் பொருந்தும். மிகுமாயின் வீரர் பொம்மைபோல் துள்ளுவர். இதனைக் கண்டறிய ஒகேனக்கலில் ஒரு சான்று நிற்கின்றது, அதுதான் அருவி. இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் கீழே வர ஏறக்குறைய இரண்டு நொடி ஆகும். முற்கூறிய உத்தியால் அது ஒன்றேமுக்கால் நொடிக்கும் குறைந்துவிடும். வீரன் கையை நம் கண் நம்பினாலும், அவன் முதுகுக்குப் பின்னே விழும் காவிரி அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்! மாணவர் இதனைக் கைப்பேசியிலே சோதித்துப் பார்க்கலாம்.

ஒகேனக்கல் பணமில்லாத படமுதலாளிக்குக் கிடைத்த பெருஞ்செல்வமாகத் தோன்றும். கன்னட மொழியில் புகையும் கல் என்று பொருள்படும் பெயருக்கேற்ப நீர்த்திவலை புகையாய் எழுகின்றது. கருநிறப் பாறைகள் சுவர்போல் நிற்கின்றன. மேலகிரி மலைக்காடு பின்னணியில் விரிகின்றது. இவ்வளவு பெரிய அரங்கை எந்தத் தச்சன் கட்டுவான்? ஆனால் இவ்வரங்கு வாடகையை வேறு வழியில் வாங்கிக்கொள்ளும். காவிரியின் நீர் கிருஷ்ணராஜசாகரத்திலும் கபினியிலும் திறக்கும் அளவைப் பொறுத்து ஏறும், இறங்கும். இன்று காய்ந்து கிடந்த பாறை நாளை நீரில் மூழ்கும். நீர் மிகுந்தால் பரிசலும் நிறுத்தப்படும். பணமுள்ளவர் நீர் வடியும்வரை காத்திருப்பர். இல்லாதவரோ எடுத்த பாதியோடு மறுநாட் பாதியை ஒட்டுவர். அப்பொழுது வில்லன் உலர்ந்த பாறையிலிருந்து ஓங்கிய கோல், நாயகன் மேல் நனைந்த பாறையில் வந்து விழும். இதனை வறுமையென்று முற்றும் மன்னிக்க என் மனம் ஒப்பவில்லை. இடத்தின் இயல்பை முன்னரே கேட்டறிந்து, ஒரு சண்டையை ஒரு நாளிலே முடியுமளவு சுருக்கி எழுதியிருக்கலாமன்றோ? சிறு முதற்காரனுக்கு வேண்டிய முதல் அறிவு சுருக்கமே.

ஓசையும் அவ்வாறே. அருவி இரைச்சலில் உரையாடலைப் பதிய இயலாது. பின்னர் அறைக்குள் அமர்ந்து பேசிச் சேர்ப்பர். அடியோசையும் அங்கேதான் பிறக்கும். கன்னத்தில் அறைந்தாலும், வயிற்றிற் குத்தினாலும், கோலோடு கோல் மோதினாலும் ஒரே 'டிஷ்யூம்' கேட்குமாயின், ஓசையமைத்தவர் தூங்கிவிட்டார் என்க. மூங்கிலைத் தட்டி ஓசை பதிய ஒரு காசும் செலவில்லை.

கதைக்கு வருவோம். சண்டைப் படத்தில் கதை எதற்கு என்பார் உளர். புரூஸ் லீ நடித்த 'தி பிக் பாஸ்' 1971-இல் தாய்லாந்தின் பாக் சோங் என்னும் சிற்றூரில் ஏறக்குறைய 1,00,000 அமெரிக்க டாலர் செலவில் எடுக்கப்பட்டது. அதில் நாயகன் சண்டையிடுவதில்லை என்று உறுதி பூண்டு, அதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு பச்சைக்கல் அணிந்திருக்கின்றான். நண்பர் அடிபடுவர், அவன் கைகட்டி நிற்பான். கல் உடைந்த பின்னரே அவன் கை எழும். அதுவரை பார்ப்போர் உள்ளத்திற் சேர்ந்த வேட்கையை வாங்க எவ்வளவு பணம் வேண்டும்? ஒன்றும் வேண்டா, எழுதுவோனுக்குப் பொறுமை வேண்டும். அப்படத்தின் படத்தொகுப்பிலும் உடையிலும் குறைகள் பல. எனினும் அவற்றை நினைவில் வைத்திருப்பார் அரியர்.

1973-இல் புரூஸ் லீ மறைந்தபின், புரூஸ் லி என்றும் புரூஸ் லே என்றும் பெயர் சூட்டிய நடிகரைக் கொண்டு படங்கள் பெருகின. அவருள்ளும் நல்ல வீரர் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. இறந்தவர் பெயரை விளம்பரத்தாளில் ஒட்டி மக்களை அழைத்தது வறுமையன்று, ஏமாற்று. இதற்கு மாறாக, இந்தோனேசியாவில் 2011-இல் கேரத் எவன்ஸ் இயக்கிய 'தி ரெய்ட்' ஏறக்குறைய 11 லட்சம் டாலரில் முடிந்தது. ஹாலிவுட் கணக்கில் அது மிகச் சிறு தொகை. கதை முழுதும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் அடங்கியது. 'சிலாட்' என்னும் தம் நாட்டுப் போர்க்கலையைப் பயின்ற ஈக்கோ உவைஸ், யயன் ருகியான் இருவரும் தாமே சண்டையை வகுத்துத் தாமே ஆடினர். ஆயினும் அதிலும் ஒரு குறை காண்கின்றேன். அடியோயாத படத்தில் அடியின் வலி நமக்கு மரத்துப்போகின்றது. சண்டைக்கும் சண்டைக்கும் இடையே மூச்சுவிட இடமளிக்கும் படமே நெஞ்சில் தைக்கும்.

எக்காரணத்தாலும் மன்னிக்கலாகாத குற்றம் ஒன்றுண்டு. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், கருநாடகத்தில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் 'மாஸ்தி குடி' என்னும் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து நீரிற் குதித்த மூவருள், எதிர்நாயகராக நடித்த இருவர் மூழ்கி மாண்டனர். உயிர்காப்பு அங்கி அவர்க்கு அணிவிக்கப்படவில்லை. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் கவிழும் காட்சியில் பயிற்சி மிக்க சண்டைக்கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். பயின்றவர்க்கே இந்நிலையென்றால், பழகாத நம் மாணவர் பாறையிலிருந்து பாய்வதை யான் எவ்வாறு ஒப்புவேன்? மணிரத்தினத்தின் 'ராவணன்' படத்துக்கு (2010) இவ்வருவிப் பகுதியில் உயரப் பாய்ச்சல் எடுத்தபோது, அப்பெரும் முதலாளிகளும் பயின்ற வீரரை அமர்த்தினர்.  பயின்றவரை அமர்த்தப் பணமில்லையேல், பாய்ச்சலைக் கதையிலிருந்து நீக்குக. உணவிற் சிக்கனம், உடையிற் சிக்கனம் என்பன குணம். கயிற்றிலும் உயிர்காப்பு அங்கியிலும் சிக்கனம் செய்தவன் எடுத்த படம், எத்துணை அழகிதாயினும், என் கணக்கில் தோற்ற படமே.

அன்று அருவிக்கரையிற் கண்டதைக் கூறி நிறுத்துகின்றேன். அக்குழுவின் இயக்குநர், நாயகன் ஓடும் பரிசலிலிருந்து எதிர்ப்பாறைக்குத் தாவ வேண்டும் என்றார். பரிசல் தள்ளும் முதியவர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, அந்தப் பாறை பாசி பிடித்தது. நான் சிறுவனாயிருந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அதில் கால் வைத்தவன் நின்றதில்லை. வேறு ஆளைப் பாருங்கள்" என்றார். முதலாளி கூலியைக் கூட்டினார், கிழவர் அசையவில்லை. சினந்து நின்ற இயக்குநர், சிறிது நேரம் கழித்து, "சரி பெரியவரே, பரிசலுக்குள்ளேயே சண்டை போட்டால்?" என்று கேட்டார். கிழவர் ஆழமில்லாத தேங்கிய நீர்ப்பகுதி ஒன்றைக் காட்டினார். மூவருக்கும் உயிர்காப்பு அங்கியைச் சட்டைக்கு உள்ளே அணிவித்தனர். வட்டப் பரிசல் தன் இயல்பிலே சுழலத் தொடங்கியது. நாயகனும் இரு பகைவரும் முழந்தாளிட்டு, முழக்கோல் வீச இடமின்றிக் குறுங்கோலால் தட்டியும் தடுத்தும் பொருதனர். படப்பெட்டி கரையில் அசையாது நின்றது. பரிசல் சுழலச் சுழல, ஒருவன் முகம் வந்தது. மற்றொருவன் முதுகு வந்தது. பின்னே அருவி வந்து போயிற்று. ஒரு வெட்டும் இல்லாமல் ஏறக்குறைய ஒரு நிமிடம். கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அம்முதலாளியும் பார்த்துக்கொண்டிருந்தார்.